லாரிகள் வாராத பாதை

பிரான்சு நாட்டிலிருந்து திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது நெடுநாளைய நண்பரொருவர் நம் தோளைத் தொட்டு நிறுத்தினார். "மது வடிக்கிற சீமைக்குப் போய்ச் சைக்கிள் ஓட்டினீர்களாமே! ஐம்பத்தைந்து வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்போடு கேட்டாராயினும் அக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. மதுவுக்குப் பேர்போன மண்ணில் ஒரு முஸ்லிமுக்கு என்ன அலுவல் என்பது ஒன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளைத் தொடாதிருந்த நாம் ஏன் தொட்டோம் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியின் கனம் அவருக்குத் தெரியும். நம் ஊரார் அனைவருக்கும் தெரியும். படியில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடை நம்மிடம் இல்லை. ஆகவே எழுதுகிறோம்.

காரைக்கால் பகுதி மக்களுக்குப் பிரான்சு அன்னிய நாடன்று. 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர். 1962 இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. அத்தகைய உறவின் வழியாகவே நம் மகன் படிக்கச் சென்றான். படிப்பு முடிந்து லியோன் நகரில் வேலையும் தேடிக்கொண்டான். "ஒருமுறை வந்து பாருங்கள், வாப்பா" என்று ஆண்டுதோறும் அழைப்பான். சென்ற ஆண்டு செப்டம்பரில்தான் அது கைகூடிற்று.

சைக்கிள் பயணத்தைப் பற்றி அவன் தொலைபேசியிலேயே சொன்னான். நாம் மறுத்துவிட்டோம். மறுத்ததன் காரணம் அவனுக்கும் பாதிதான் தெரியும்.

நமக்கு ஒரு மூத்த சகோதரர் இருந்தார். நானா என்று அழைப்போம். காரைக்கால் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு சிறு ஜவுளிக்கடை. எங்கள் வீடோ திருநள்ளாறு சாலையில், நான்கு மைல் தள்ளி. சுபுஹு தொழுதுவிட்டு நானாவும் நாமும் ஒரே சைக்கிளில் கடைக்குப் புறப்படுவோம். நானா மிதிப்பார், நாம் பின்னால் கேரியரில் துணிமூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அமர்ந்திருப்போம். பச்சை நிற ஹெர்குலிஸ் வண்டி அது. டைனமோ சுழலும் ஓசையும், வயல்களின் மேல் நிற்கும் பனியும், நானா முணுமுணுக்கும் நாகூர்ப் பாட்டும் இன்றும் நம் காதிலும் கண்ணிலும் உள்ளன. சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தவரும் அவரே. கற்றுத்தந்த முறை எளியது: பிடித்துக்கொண்டே ஓடி வருவார், எப்போது கையை எடுத்தார் என்பதை நாம் அறியவே மாட்டோம்.

1988 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை, நானா தனியே சென்றார். பின்னால் வந்த லாரியொன்று பனியில் அவரைக் காணவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். வாப்பா அந்த வண்டியைப் பரணில் ஏற்றினார். அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் சைக்கிள் ஏறியதில்லை.

நிற்க. இவற்றையெல்லாம் அறிந்த மகன் தொலைபேசியில் மீண்டும் சொன்னான்: "வாப்பா, அந்தப் பாதையில் லாரி வராது. லாரி மட்டுமன்று, மோட்டார் பூட்டிய எதுவுமே வராது. பழைய ரயில்பாதை அது." இந்தக் கடைசிச் சொல்தான் நம்மை அசைத்தது.

பர்கண்டி மாநிலத்தின் தென்பகுதியில், சோன் நதிக்கு மேற்கே, குன்றுகளும் திராட்சைத் தோட்டங்களும் கலந்த நாட்டில், ஷாலோன் நகரிலிருந்து குளூனி வழியாக மாக்கோனுக்கு ஒரு கிளை ரயில்பாதை இருந்தது. கார்களும் பேருந்துகளும் பெருகிய பிறகு அதில் ஏறுவார் குறைந்தனர். 1960களின் இறுதியில் பயணிகள் வண்டி நின்றது. நின்ற பாதையை அவர்கள் முள்ளுக்கு விட்டுவிடவில்லை. தண்டவாளங்களைப் பெயர்த்து, வழவழப்பாகத் தார் இட்டு, 1997 இல் ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து குளூனி வரை 44 கி.மீ. நீளத்துக்கு நடப்போருக்கும் மிதிப்போருக்கும் மட்டுமே உரிய வழியாகத் திறந்துவிட்டனர். 'பசும்பாதை' என்பது அதன் பெயரின் பொருள். பிரான்சில் இவ்வகைப் பாதைகளுக்கு இதுவே முன்னோடி. பின்னர் அது மாக்கோனின் வாசல் வரை நீட்டப்பட்டது.

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுவதற்கு ரயில்பாதையைவிட உகந்தது வேறில்லை என்பதை அங்கே கண்டோம். ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது. ஆகவே பாதை போட்ட பொறியியலார் மேட்டைக் குடைந்தும், பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தியும், ஆற்றோரமாய் வளைந்தும், ஏற்றம் தெரியாத ஏற்றமாகக் கொண்டு சென்றிருக்கிறார்கள். இருபுறமும் குன்றுகள் எழுந்து நிற்க, மிதிப்பவனுக்கு மட்டும் சமநிலம். நீராவி எஞ்சினுக்காக அன்று செய்த உபகாரம் இன்று நம் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.

லியோனிலிருந்து ரயிலில் ஷாலோன் சென்று வாடகைக்கு இரண்டு வண்டிகள் எடுத்து ஜிவ்ரியை அடைந்தோம். இருக்கையைத் தாழ்த்தித் தந்தான் மகன். ஏறினோம், பத்து முழம் போவதற்குள் சாய்ந்து காலூன்றினோம். மறுபடி ஏறினோம். பின்னால் யாரோ பிடித்திருப்பதுபோல ஓர் எண்ணம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மகன் எட்ட நின்றுகொண்டிருந்தான். உடல் கற்றதை உள்ளம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை போலும். அரை மைலுக்குள் வண்டி நேரே ஓடியது.

அந்த அமைதியை எப்படி எழுதுவது? அமைதி என்றால் ஓசையின்மை அன்று. சங்கிலியின் சரசரப்பு, தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல், தொலைவில் கோயில் மணி எல்லாம் கேட்கின்றன. கேட்காதது ஒன்றே ஒன்றுதான்: பின்னாலிருந்து வரும் ஹாரன். நம் ஊரில் சாலையில் நடக்கும்போதுகூட நம் செவி முதுகுப்பக்கமே இருக்கும். அங்கே முதல் ஒரு மணி நேரம் நம் செவி பழக்கத்தினால் பின்னோக்கியே இருந்தது. புஸ்ஸி என்ற ஊரைத் தாண்டும்போதுதான், புதுச்சேரியின் புஸ்ஸி வீதியைப் போலவே ஒலிக்கிறதே என்று வியந்த அந்த வேளையில்தான், செவி முன்பக்கம் திரும்பிவிட்டதை உணர்ந்தோம்.

ஊர்ச்சாலைகள் குறுக்கிடும் இடங்களில் மட்டும் வாகனங்கள் உண்டு. அவ்விடங்களில் நாம் ஒவ்வொரு முறையும் இறங்கி, இருபுறமும் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். மகன் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

பாதையின் ஓரத்தில் தொடங்கிக் குன்றின் சரிவில் ஏறிச்செல்கின்றன திராட்சைக் கொடிகள். நம் தேனிப் பக்கத்துப் பந்தல்களைப் போல் அல்ல. இடுப்பளவு உயரத்தில் கம்பிகளில் படரவிட்ட வரிசைகள். சரிவில் நடுவதற்குக் காரணம் உண்டு. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். வேனிற் தொடக்கத்தின் பின்பனிக் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்க, தளிர்கள் கருகாமல் தப்பும். காலை வெயிலும் கிழக்குச் சரிவில்தான் முதலில் விழும். மகன் இன்னொன்றும் சொன்னான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நுண்பூச்சி வேர்களைத் தின்று பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கிற்றாம். அந்தப் பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் அடிவேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டியே மீண்டார்களாம். இன்றும் அங்கே காணும் கொடிகள் பெரும்பாலும் அடி ஒரு நாட்டினவாகவும் முடி ஒரு நாட்டினவாகவும் இருப்பவை. இதைச் சொல்லிவிட்டு அவன் முன்னே சென்றான். அவன் முதுகையே சிறிது நேரம் பார்த்தபடி மிதித்தோம்.

லுஹர் நேரம் கடந்துகொண்டிருந்தது. பழைய நிலையமொன்றின் அருகே நிழலில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு, தண்ணீர்க்குழாயில் ஒளுச் செய்து, பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். எங்கள் முன்னே ரயிலுக்காக மக்கள் காத்திருந்த மேடை, அப்பால் கொடிகள். அப்போது அங்கு வந்திறங்கிய முதிய தம்பதியர் பேச்சை நிறுத்திவிட்டு, நாங்கள் சலாம் கொடுக்கும்வரை காத்திருந்து, பின்னர் தலையசைத்துப் புன்னகைத்து ரொட்டியைப் பிரித்தனர்.

மாலையில் குளூனியை அடைந்தோம். 910 இல் நிறுவப்பட்ட கிறித்தவ மடம் அங்கே இருந்தது. 1088 இல் தொடங்கிக் கட்டிய அதன் பெருங்கோயில், உரோமாபுரியின் புதிய பேதுரு ஆலயம் எழும்வரை, கிறித்தவ உலகிலேயே மிகப் பெரியதாய் விளங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். இன்று நிற்பது ஒரு சிறு பகுதியே. அந்த மிச்சமே நம்மைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைத்தது.

ஆனால் நம்மை அங்கே நிறுத்தியது கல் அன்று, ஓர் ஏடு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த மடத்தின் தலைவராயிருந்த பேதுரு என்பவர் 1142 இல் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கே அரபுமொழி அறிந்த கெட்டன் ஊர் ராபர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞரைக் கொண்டு திருக்குர்ஆனை இலத்தீனில் பெயர்க்கச் செய்தார். 1143 இல் அது முடிந்தது. இலத்தீனில் திருக்குர்ஆன் முழுவதற்கும் வந்த முதல் பெயர்ப்பு அதுவே. அப்பணியில் துணைக்கு ஒரு முஸ்லிமும் இருந்தார். அவர் பெயர் முஹம்மது என்று பேதுருவே எழுதிவைத்திருக்கிறார். நோக்கம் நல்லெண்ணமன்று; மறுப்பதற்காகவே பெயர்த்தார்கள். பெயர்ப்பிலும் பிழைகளும் திரிபுகளும் உண்டு. ஆயினும் சிலுவைப் போர்களின் காலத்தில், வாளை எடுப்பதினும் வாதத்தை எடுப்பது மேல் என்று கருதி, மறுப்பதற்காகவேனும் முதலில் படித்தறிய வேண்டும் என்று பொருள் செலவிட்ட மனிதர் அவர். படிக்காமலே வெறுப்பவர் மலிந்த காலத்தில் வாழும் நமக்கு அது சிறிய செய்தியாகப் படவில்லை. மது விளையும் சீமையில் உமக்கென்ன அலுவல் என்ற நண்பருக்கு இது நம் முதல் விடை.

மறுநாட் காலை குளூனியிலிருந்து தெற்கே புறப்பட்டோம். சிறிது தொலைவில் குன்று குறுக்கே நின்றது. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம் அதை ஊடுருவிச் செல்கிறது, நீளம் 1.6 கி.மீ. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை அடைத்துவிடுவார்களாம். செப்டம்பரில் திறந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. விளக்குகள் உண்டெனினும் மங்கலானவை. கூரையிலிருந்து நீர் சொட்டியது. மகன் முன்னே, நாம் பின்னே. பாதித் தொலைவு சென்றிருப்போம். முதுகுப்பக்கமிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. சுவர்களில் மோதிப் பெருகி நெருங்கி வந்தது. அங்கே லாரி வரமுடியாது என்று அறிவு சொன்னது. கால்கள் அறிவைக் கேட்கவில்லை. இறங்கி, வண்டியைக் கீழே போட்டுவிட்டு, ஈரச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டோம். கண்களை மூடிக்கொண்டோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வந்தது ஒரு சிறுமி. ஆறேழு வயதிருக்கும். பின்னால் இழுத்துச் செல்லும் பொம்மைவண்டி ஒன்றை அவள் சைக்கிளில் கட்டியிருந்தாள். அதன் உருளைகள் எழுப்பிய ஓசை அது. மணியடித்து முகமன் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தாயும் பின்தொடர்ந்தார்.

மகன் திரும்பி வந்து நம் வண்டியை நிமிர்த்தினான். ஒன்றும் கேட்கவில்லை. கேளாதிருந்ததனாலேயே, இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை அந்த இருட்டில் அவனிடம் சொன்னோம்.

"அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தம்பி. குளிருக்குச் சோம்பிக்கொண்டு காய்ச்சலென்று பொய் சொன்னேன். 'நீ படுத்துக்கொள், நான் போய்க் கடையைத் திறக்கிறேன்' என்று நானா போர்வையை இழுத்துவிட்டுப் போனார். பின்னால் நான் இருந்திருந்தால் லாரியின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருப்பேன். பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்வது என் வேலை."

நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "வாப்புச்சாவுக்குத் தெரியுமா?" என்று தன் பாட்டியாரைப் பற்றிக் கேட்டான்.

நம் உம்மா அன்று விடியலில் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். நெற்றி குளிர்ந்தே இருந்தது. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரோடிருந்தார். ஒருநாளும் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. "தெரியும்" என்றோம்.

மகன் தன் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினான். "நீங்கள் முன்னே போங்கள், வாப்பா. நான் பின்னால் வருகிறேன். எது வந்தாலும் சொல்கிறேன்" என்றான். சுரங்கத்தின் எஞ்சிய தொலைவை அப்படியே கடந்தோம். வெளிச்சம் முதலில் நாணயமளவு தெரிந்தது, பிறகு தட்டளவு, பிறகு மலைச்சரிவும் அதன்மேல் பெர்சே கோட்டையும் தெரிந்தன.

அப்பாலுள்ள மில்லி என்னும் சிற்றூருக்குச் செல்லப் பசும்பாதையை விட்டு மேலே ஏற வேண்டும். ஏற்றம் கடுமை, தள்ளிக்கொண்டே சென்றோம். கவிஞர் லாமார்ட்டின் இளமையைக் கழித்த ஊர் அது. இன்று அவர் பெயரையும் சேர்த்தே அவ்வூரை அழைக்கிறார்கள். மீலாது மலர்களைப் புரட்டிய நம் வாசகர் எவரும் அப்பெயரை அறிவர். 1790 இல் மாக்கோனில் பிறந்த அவர் எழுதிய துருக்கி வரலாறு 1854 இல் வெளிவரத் தொடங்கிற்று. அதில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைப் பற்றி அவர் எழுதிய புகழுரையை நம் மேடைகளில் கேளாதவர் யார்? ஆனால் அவர் திராட்சைத் தோட்டக்காரர் என்பதும், அந்தத் தோட்டங்களாலும் தாராளத்தாலும் பெருங்கடனில் மூழ்கினார் என்பதும், உதுமானிய சுல்தான் அப்துல் மஜீது அவருக்கு இஸ்மீர் அருகே நிலம் தந்தார் என்பதும் நாம் அங்கு போகுமுன் கருதாத செய்திகள். பெருமானாரைப் போற்றிய அந்தப் பேனா இந்த மதுச்சரிவில் வளர்ந்தது. இறைவன் யாருடைய நாவில் எதை வைக்கிறான் என்பதை யார் அறிவார்?

அவ்வூருக்கு அருகே ஒரு முற்றத்தில் அறுவடைத் திராட்சை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் முதியவர். வியர்த்து நின்ற எங்களைக் கண்டு உள்ளே அழைத்து, சென்ற ஆண்டு மதுவைக் கிண்ணத்தில் வார்க்கப் போனார். "நாங்கள் அருந்துவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றான் மகன். அவர் முகம் வாடவில்லை. ஒரு கணம் எண்ணிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பிழிபொறியின் கீழே பிடித்தார். வெள்ளை மதுவுக்கான திராட்சையைத் தோட்டத்திலிருந்து வந்ததுமே பிழிந்துவிடுவார்கள். சாறு நம் கண்ணெதிரே வழிந்துகொண்டிருந்தது. ஆயினும் நாம் மகனிடம், "எப்போது பறித்தது என்று கேள்" என்றோம். இன்று காலை என்றார் அவர். பிஸ்மி சொல்லி அருந்தினோம். கலங்கலான பச்சை மஞ்சள் நிறம், தேன்போல் இனிப்பு, முடிவில் ஒரு சிறு புளிப்பு.

இதை இப்படியே விட்டால் சில நாட்களில் தானே பொங்கத் தொடங்கும் என்றார் முதியவர். பொங்கும் கூடத்துக்குள் எங்களை விடவில்லை. அங்கே சேரும் கரியமிலவாயு ஆளைக் கொன்றுவிடுமாம். திராட்சையை அருட்கொடையாகத் திருமறை பல இடங்களில் எண்ணுகிறது. அதே கனியிலிருந்து நல்லுணவும் வரும், போதையும் வரும் என்றும் சுட்டுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள நாட்களின் முதல் நாளில் நாம் நின்றுகொண்டிருந்தோம். நண்பருக்கு இது நம் இரண்டாவது விடை.

தம் இளமையில் அறுவடை செப்டம்பர் இறுதியில்தான் தொடங்கும், இப்போது வெயில் அவசரப்படுத்துகிறது என்று வருந்தினார் முதியவர். அது முதுமையின் புலம்பல் அன்று. அதே பர்கண்டியின் போன் நகரத்து அறுவடை நாட்களை 1354 முதல் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1988 முதல் அறுவடை சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டதாம். 1988 என்றதும் நாம் வேறொன்றை எண்ணினோம்.

மாலையில் மாக்கோனில், சோன் நதிக்கரையில், வண்டிகளை ஒப்படைத்தோம்.

ஊர் திரும்பிய பின் ஓரெண்ணம் நம்மை விடவில்லை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 இல் இட்ட இருப்புப்பாதை 1980களில் மூடப்பட்டது. நானா சென்ற சாலையிலிருந்து சிறிது தொலைவில்தான் அது கிடந்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அதன்மேல் வேலிக்காத்தான் வளர்ந்தது. அண்மையில் அகலப்பாதையாக அதை மீண்டும் இட்டிருக்கிறார்கள், நல்லதே. ஆனால் அந்த முப்பதாண்டுகளில் அம்முள்ளை வெட்டிச் சைக்கிளுக்கு ஒரு வழி விட்டிருந்தால், விடியலில் பால்காரரும் பள்ளிப்பிள்ளைகளும் மூட்டை சுமக்கும் சிறு வணிகரும் அதில் போயிருப்பார்களே என்று நினைக்கிறோம். விதியை நாம் நொந்துகொள்ளவில்லை, கத்ரை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். பாதை போடுவதும் கட்டுவதே.

பரணிலிருந்து ஹெர்குலிஸை இறக்கினோம். சட்டம் உறுதியாக இருந்தது; மற்றவையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது சுபுஹுக்கு அதிலேதான் போகிறோம். வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரை, தெருவுக்குள் மட்டும். நெடுஞ்சாலைக்கு இன்னும் போகவில்லை. போவோம் என்றும் சொல்வதற்கில்லை. தொழுதபின் கபர்ஸ்தானின் சுவரோரம் வண்டியைச் சாய்த்து, நானாவுக்கும் உம்மாவுக்கும் சலாம் சொல்லி, யாசீன் ஓதிவிட்டு வருகிறோம். எல்லாம் வல்ல அல்லாஹ் அவர்கள் இருவரின் கபுரையும் விசாலமாக்குவானாக. பதினேழு வயதில் நாம் சொன்ன பொய்யையும் மன்னிப்பானாக. ஆமீன்.